76 இருக்கை: விமானிகள் வகுத்த எல்லைக்கோடு

1997 பிப்ரவரி 15, நள்ளிரவு கடந்ததும் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது சில நிமிடங்களே நீடித்தது. அதிபர் பில் கிளிண்டன் தலையிட்டு, ரயில்வே தொழிலாளர் சட்டத்தின்படி அவசர வாரியம் ஒன்றை அமைத்து, விமானிகளைப் பணிக்குத் திரும்ப வைத்தார். நாட்டின் அதிபரே நள்ளிரவில் தலையிடும் அளவுக்கு முற்றியிருந்த அந்தத் தகராறில் சம்பளப் பிரச்சினையும் இருந்தது. ஆனால் அடிப்படைச் சிக்கல் வேறு. நிறுவனம் புதிதாக வாங்கவிருந்த சிறிய ஜெட் விமானங்களை ஓட்டப்போவது யார்? அமெரிக்கன் விமானிகளா, அல்லது அதன் துணை நிறுவனமான அமெரிக்கன் ஈகிளில் மிகக் குறைந்த சம்பளத்துக்கு வேலைபார்த்த விமானிகளா?

இந்தக் கேள்வியை எதிர்கொள்ள அமெரிக்க விமானிகள் சங்கங்கள் தேடிக்கொண்ட கவசம்தான் ‘ஸ்கோப்’ விதி. பெரிய விமான நிறுவனம் தன் பெயரில் பறக்கும் சேவையில் எவ்வளவை வெளி நிறுவனங்களிடம் கொடுக்கலாம், எத்தனை விமானங்கள், எத்தனை இருக்கைகள், எவ்வளவு எடை என்பதையெல்லாம் ஊதிய ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கும் விதி அது. இன்று டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றிலும் உச்சவரம்பு 76 இருக்கை. டெல்டா, யுனைடெட் ஒப்பந்தங்களில் எடைக்கும் வரம்பு உண்டு: புறப்படும்போது அதிகபட்சம் 86,000 பவுண்டு, அதாவது சுமார் 39 டன். இந்த வரம்பைத் தாண்டிவிட்டால் அந்த விமானத்தை ஓட்டவேண்டியவர்கள் பெரிய நிறுவனத்தின் சொந்த விமானிகள்தான்.

வேலை வெளியே போகாமல் காப்பதற்கு அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் உருவாக்கிய ஏற்பாடுகளில் இதைவிட உறுதியானதைக் காண்பது அரிது. அந்த உறுதியை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த விதி விமானத்தைத்தான் அளக்கிறது, அதை ஓட்டும் மனிதரைக் கணக்கில் கொள்வதில்லை. விமானங்களைக் குறைக்கும் காலம் வரும்போதெல்லாம் அதன் முழுச் சுமையும் வட்டார விமானிகள் தலையில் விழுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரே வண்ணம், வேறு முதலாளி

அமெரிக்கச் சிறு நகரம் ஒன்றிலிருந்து சிகாகோவுக்கோ அட்லாண்டாவுக்கோ பறக்கும் பயணி, டிக்கெட்டை டெல்டாவிடமோ யுனைடெட்டிடமோ வாங்குகிறார். விமானத்தின் வாலில் அந்தச் சின்னமே இருக்கிறது. காபிக் கோப்பையில் அச்சிட்ட பெயரும் பெரிய நிறுவனத்துடையதே. விமானக் கதவருகே சிறிய எழுத்தில் மட்டும் ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய் என்று வேறொரு பெயர் இருக்கும். விமானிக்குச் சம்பளம் போடுவது அந்தச் சிறிய எழுத்து நிறுவனம்.

1978-ல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின் வளர்ந்த ஏற்பாடு இது. பெரிய நிறுவனங்கள் மைய நிலையங்களை அமைத்து, சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பயணிகளைத் திரட்டிவரும் வேலையை வட்டார நிறுவனங்களிடம் விட்டன. தொடக்கத்தில் அவை ஓட்டியவை சுழலிகளால் பறக்கும் சிறு விமானங்கள். பெரிய நிறுவன விமானிகள் அவற்றைப் போட்டியாகவே நினைக்கவில்லை. 1993-ல் சின்சினாட்டியைத் தளமாகக் கொண்ட கோம்ஏர், பம்பார்டியரின் 50 இருக்கை சிஆர்ஜே ஜெட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. அதுவரை பெரிய நிறுவன விமானிகள் ஓட்டிய நடுத்தரத் தொலைவுத் தடங்களிலும் இந்தச் சிறு ஜெட்டால் பறக்க முடிந்தது.

பெரும்பாலான ஒப்பந்தங்களில் தடம், நேரம், டிக்கெட் விலை மூன்றையும் பெரிய நிறுவனமே தீர்மானிக்கிறது. எரிபொருள் செலவும் அதனுடையது. வட்டார நிறுவனம் விமானியையும் பராமரிப்பையும் தந்து, ஒவ்வொரு பயணத்துக்கும் நிர்ணயித்த தொகையைப் பெறுகிறது. இப்படி ஓர் ஏற்பாட்டில் வட்டார நிறுவனம் தன் விலையைக் குறைக்க மிஞ்சியிருக்கும் வழி ஒன்றுதான்: ஆட்களின் சம்பளம். 2000-களில் வட்டார நிறுவனத்தில் சேரும் துணை விமானியின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 20,000 டாலர் அளவில் இருந்தது. பயிற்சிக்காக வாங்கிய கடனை அடைக்கவே அது போதவில்லை.

கோடு காத்தவை

இந்தப் பின்னணியில் பார்த்தால் ஸ்கோப் விதியின் நியாயம் விளங்கும். கோடு இல்லாதிருந்தால் 50 இருக்கை ஜெட்டோடு நின்றிருக்காது. 100 இருக்கை, 120 இருக்கை விமானங்களும் குறைந்த விலை கேட்கும் ஒப்பந்ததாரரிடம் போயிருக்கும்.

இது வெறும் அச்சமல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் யுனைடெட், யுஎஸ் ஏர்வேஸ், டெல்டா, நார்த்வெஸ்ட் ஆகியவை வரிசையாகத் திவால் பாதுகாப்பு கோரின. 2011-ல் அமெரிக்கனும் அந்த வரிசையில் சேர்ந்தது. நீதிமன்றத்தின் நிழலில் நடந்த பேச்சுவார்த்தைகளில் விமானிகள் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் மட்டும் இழக்கவில்லை, கோடும் நகர்ந்தது. 50 இருக்கை 70 ஆனது, பிறகு 76 ஆனது. விமானிகள் கை ஓங்கியிருந்தபோது இந்த எண் உயர்ந்ததில்லை. அவர்கள் மிகவும் பலவீனமாக இருந்தபோதுதான் உயர்ந்தது. நிர்வாகங்கள் எதைப் பெற மிகவும் விரும்பின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கோடு 76-ல் நின்றதன் பலனும் கண்ணுக்குத் தெரிகிறது. டெல்டா 2016-ல் ஆர்டர் கொடுத்து 2019 பிப்ரவரியில் சேவைக்குக் கொண்டுவந்த விமானம் இப்போது ஏர்பஸ் ஏ220 என்று அழைக்கப்படுகிறது. டெல்டாவில் அதன் சிறிய வகைக்கு 109 இருக்கைகள். வட்டாரத் தடங்களில் பறக்கவும் ஏற்ற விமானம் அது. டெல்டாவின் சொந்த விமானிகள், டெல்டா சம்பளத்தில், டெல்டா பணிமூப்பு வரிசையில் இருந்தபடி அதை ஓட்டுகிறார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரம்பு இருந்ததால் நிர்வாகத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான நல்ல வேலைகள் இப்படி உள்ளேயே தங்கின.

இன்னொரு நன்மையும் உண்டு. பல ஒப்பந்தங்களில் பெரிய நிறுவனம் தன் விமானிகளைப் பணிநீக்கம் செய்தால் வட்டாரப் பறத்தலையும் சுருக்கவேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டிருக்கிறது. சொந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதே தடத்தை மலிவான ஆளிடம் கொடுக்கும் குறுக்குவழியை அது அடைக்கிறது.

2012: ஒரு வெற்றியும் ஒரு மூடலும்

விதியின் இரு முகங்களையும் ஒருசேரக் காட்டும் நிகழ்வு டெல்டாவின் 2012 ஒப்பந்தம். அப்போது டெல்டாவின் பெயரில் பறந்த 50 இருக்கை ஜெட்கள் 300-க்கும் மேல். எரிபொருள் விலை ஏறியிருந்தது. அந்தச் சிறு ஜெட்களில் ஒரு பயணிக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை. அவற்றைக் குறைக்க நிர்வாகமே விரும்பியது. சங்கம் அந்த விருப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டது.

உடன்பாட்டின்படி 50 இருக்கை விமானங்களின் உச்சவரம்பு 125-க்கு இறங்கியது. 70 இருக்கை விமானங்கள் 102, 76 இருக்கை விமானங்கள் 223, ஆக மொத்தம் 450. 76 இருக்கை விமானங்களை அந்த எண்ணிக்கைக்கு உயர்த்தவேண்டுமானால், சொந்த விமானிகள் ஓட்டும் சிறிய விமானங்களும் அதற்கேற்பச் சேர்க்கப்படவேண்டும். அதற்காக சவுத்வெஸ்ட் வசமிருந்த 88 போயிங் 717 விமானங்கள் டெல்டாவுக்கு வந்தன. வெளியே பறந்தது உள்ளே திரும்பியது. அவுட்சோர்சிங்கின் திசையையே ஒரு சங்கம் திருப்பிவிட்டது என்று சொல்லும் அளவுக்கு அது பெரிய சாதனை.

ஜூன் இறுதியில் டெல்டா விமானிகள் வாக்களித்து ஒப்பந்தத்தை ஏற்றார்கள். ஜூலை இறுதியில் டெல்டா இன்னொரு அறிவிப்பை வெளியிட்டது: கோம்ஏர் செப்டம்பர் மாதத்தோடு மூடப்படும்.

அமெரிக்காவுக்கு வட்டார ஜெட்டைக் கொண்டுவந்த அதே கோம்ஏர்தான். டெல்டா அதை 2000-ல் முழுமையாக வாங்கியிருந்தது. 2001-ல் கோம்ஏர் விமானிகள் ஊதியத்துக்காக 89 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, வட்டார விமானிகளின் சம்பளத்தை உயர்த்திக் காட்டினார்கள். அந்த உயர்ந்த சம்பளமே பின்னர் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. கோம்ஏரின் செலவு அதிகம், விமானங்கள் பழையவை என்று சொல்லி டெல்டா அதன் பறத்தலை ஆண்டுக்கு ஆண்டு வேறு நிறுவனங்களுக்கு மாற்றியது. மூடும்போது எஞ்சியிருந்தவை 44 விமானங்களும் சுமார் 1,700 ஊழியர்களும்.

விமானித் தொழிலில் வேலை இழப்பது என்றால் என்ன என்பதை இங்கே நிதானித்துப் பார்க்கவேண்டும். ஒரு பொறியாளரோ கணக்காளரோ நிறுவனம் மாறும்போது அவருடைய அனுபவமும் கூடவே போகிறது. சம்பளப் பேச்சில் அதற்கு மதிப்பு உண்டு. விமானிக்கு அப்படி இல்லை. அமெரிக்க விமான நிறுவனங்களில் எல்லாம் பணிமூப்பு எண்ணைப் பொறுத்தே நடக்கிறது. எந்த ஊரில் தளம், எந்த விமானம், கேப்டன் இருக்கையா துணை விமானி இருக்கையா, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாமா என்பது வரை அந்த எண்தான் தீர்மானிக்கும். 20 ஆண்டு கேப்டனாக இருந்தவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் வரிசையின் கடைசி எண் அவருடையது. 24 வயது இளைஞரோடு சேர்ந்து துணை விமானியாகத் தொடங்கவேண்டும். மாதப் பட்டியலில் நிலையான பயணங்கள் கிடைக்காது. தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் ‘ரிசர்வ்’ நாட்களே கிடைக்கும். தளம் வேறு ஊரில் என்றால், விமான நிலையத்துக்கு அருகே பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அறையில் ஒரு கட்டில். கோம்ஏர் போன்ற நிறுவனம் மூடப்பட்டால் இத்தனையும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு நேர்கிறது.

மேசையில் இடமில்லாதவர்கள்

இதில் உறுத்தும் இடம் ஒன்று உண்டு. டெல்டா விமானிகளும் கோம்ஏர் விமானிகளும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள். 1931-ல் தொடங்கிய ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன் இரு தரப்பிடமும் சந்தா வாங்கியது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் விமானிகளும் தனித்தனிக் குழுவாகவே பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள். வட்டார விமானங்கள் எத்தனை இருக்கலாம் என்பதை டெல்டா விமானிகளின் குழுவும் டெல்டா நிர்வாகமும் பேசி முடிவுசெய்தன. அந்த விமானங்களை ஓட்டியவர்களுக்கு வாக்கு இல்லை.

கோம்ஏரையும் ஏஎஸ்ஏ என்ற இன்னொரு வட்டார நிறுவனத்தையும் டெல்டா வாங்கியபோது, மூன்று நிறுவன விமானிகளையும் ஒரே பணிமூப்புப் பட்டியலில் இணைக்கவேண்டும் என்று வட்டார விமானிகள் கேட்டார்கள். சங்கத் தலைமை மறுத்தது. அவர்களில் ஒரு பிரிவினர் தங்கள் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். எங்களை நியாயமாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமையிலிருந்து சங்கம் தவறிவிட்டது என்பது அவர்களுடைய வாதம்.

டெல்டா விமானிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பல ஆண்டுகள் காத்திருந்து பெரிய நிறுவனத்தில் நுழைந்தவர்கள், நிர்வாகம் ஒரு துணை நிறுவனத்தை வாங்கிய காரணத்துக்காக வரிசையில் பின்னுக்குப் போகச் சம்மதிப்பார்களா? எண்களை எப்படிக் கலப்பது என்பது பெரிய நிறுவனங்களுக்குள் நடந்த இணைப்புகளிலேயே ஆண்டுக்கணக்கில் தீராத சண்டையாக இருந்திருக்கிறது. ஆயினும் அன்று பட்டியல்களை இணைத்திருந்தால் ஸ்கோப் விதிக்கே தேவை பெரிதும் குறைந்திருக்கும். எல்லோரும் ஒரே பட்டியலில் இருக்கும்போது வெளியே கொடுப்பதற்கு எதுவும் இல்லை. அந்தப் பெரிய வாய்ப்பு கைநழுவிப் போனது.

அது போனதன் விளைவை நிர்வாகங்கள் நன்றாகவே பயன்படுத்தின. பட்டியல்கள் தனித்தனியாக இருந்ததால் ஒரு வட்டார நிறுவனத்தை இன்னொன்றோடு மோதவிட முடிந்தது. அமெரிக்கனோடு இணைந்த யுஎஸ் ஏர்வேஸின் துணை நிறுவனமான பிஎஸ்ஏ விமானிகள் 2013-ல் சலுகைகளை விட்டுக்கொடுத்தார்கள்; புதிய பெரிய ஜெட்கள் அவர்களுக்குப் போயின. அதே அமெரிக்கனுக்குச் சொந்தமான, முன்பு ஈகிள் என்று அறியப்பட்ட என்வாய் விமானிகள் 2014-ல் விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். அவர்களுடைய விமானங்கள் குறையத் தொடங்கின. அடுத்த சில மாதங்களில் என்வாய் விமானிகளும் இறங்கிவந்து கையெழுத்திட்டார்கள். எம்ப்ரேயர் நிறுவனத்தின் இ175 ஜெட்கள் அவர்களுக்கு வந்தன. ஒரே முதலாளியின் இரண்டு வீட்டுப் பிள்ளைகளை யார் குறைவாகச் சாப்பிடுவது என்று போட்டியிட வைப்பது போன்றது இது. ஸ்கோப் விதி மொத்த வட்டார விமானங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்துவிட்டதால் போட்டி இன்னும் கடுமையானது. ஒரு நிறுவனம் வளரவேண்டுமானால் இன்னொன்று சுருங்கியே ஆகவேண்டும்.

எண்ணுக்காக வளைந்த இயந்திரங்கள்

மனிதரை விட்டுவிட்டு விமானத்தை அளந்ததன் இன்னொரு விளைவு, விமானங்களின் உருவமே ஒப்பந்தத்துக்கு ஏற்ப வளைந்தது.

கான்டினென்டல் விமானிகளின் ஒப்பந்தம் வட்டார நிறுவனங்கள் 50 இருக்கைக்கு மேற்பட்ட ஜெட் ஓட்டுவதைத் தடுத்தது. சுழலி விமானங்களை அது தடுக்கவில்லை. அதனால் 74 இருக்கை கொண்ட க்யூ400 சுழலி விமானங்கள் கோல்கன் ஏர் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. யுனைடெட்டின் சிஆர்ஜே-550 இன்னும் வியப்பானது. 70 பேர் அமரக்கூடிய விமானத்தின் உடலில் 50 இருக்கைகள் மட்டுமே வைத்து 2019-ல் அறிமுகப்படுத்தினார்கள். நீக்கிய இருக்கைகளின் இடத்தில் பெட்டிகள் வைக்கும் அலமாரிகளும், பயணிகள் தாங்களே எடுத்துக்கொள்ளும் தின்பண்ட மேடையும் வந்தன. ஒப்பந்தப்படி அது 50 இருக்கை விமானம், ஆகவே எண்ணிக்கை வரம்புக்குள் அடங்கியது. பயணிக்கு அது வசதியான விமானம்தான். ஆனால் ஒரு பயணத்தில் 20 பேர் குறைவாகப் பறக்கிறார்கள். எரியும் எண்ணெய் அதற்கேற்பக் குறைவதில்லை. இ175 விமானத்தையும் 70 இருக்கை வரம்புக்குப் பொருத்த ஆறு இருக்கைகளைக் குறைத்து விற்கிறார்கள்.

எடை வரம்பின் விளைவு இதைவிடப் பெரிது. எம்ப்ரேயர் தன் இ175 விமானத்துக்குப் புதிய இன்ஜின் பொருத்தி இ175-இ2 என்ற மாதிரியை வடிவமைத்தது. எண்ணெய்ச் செலவு குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் எடை 44 டன்னைத் தாண்டியது. 39 டன் வரம்பு ஒரு நாள் தளரும் என்று நம்பி ஸ்கைவெஸ்ட் 2013-ல் 100 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2019 டிசம்பரில் விமானம் முதன்முறை பறந்தது. வரம்பு தளரவில்லை. 2022-ல் எம்ப்ரேயர் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது. பழைய இ175-ஐயே தொடர்ந்து விற்கிறது. ஜப்பானின் மிட்சுபிஷி வடிவமைத்த வட்டார ஜெட்டும் இதே எடைச் சிக்கலில் மாட்டியது. சான்றிதழ்த் தாமதங்களும் பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, 2023 பிப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

எடை வரம்புக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. இருக்கையை மட்டும் எண்ணினால், பெரிய விமானத்தை வாங்கி இருக்கையைக் குறைத்துவிட்டு நாளை கூட்டிக்கொள்ளலாம் என்ற ஐயம் விமானிகளுக்கு உண்டு. அந்த ஐயத்தை நிர்வாகங்களின் கடந்தகால நடத்தையே ஏற்படுத்தியது. ஆனால் புதிய இன்ஜினின் கூடுதல் எடைக்கும் வேலை வெளியே போவதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இந்த ஓர் அம்சத்தில் சங்கங்களின் பிடிவாதம் யாருடைய வேலையையும் காக்காமல், அதிகம் எரிபொருள் குடிக்கும் விமானங்களை வானில் வைத்திருக்கிறது.

விபத்து, தட்டுப்பாடு, வெறிச்சோடிய நிலையங்கள்

2009 பிப்ரவரி 12 இரவு, கோல்கன் ஏரின் க்யூ400 விமானம் ஒன்று பஃபலோ நகருக்கு அருகே வீடு ஒன்றின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். விமானம் வேகம் இழந்தபோது கேப்டன் கொடுத்த தவறான எதிர்வினையே காரணம் என்று விசாரணை கண்டது. அதோடு வட்டார விமானிகளின் களைப்பும், குறைந்த சம்பளமும், வேலைக்கு வருவதற்கே அவர்கள் செய்யும் நெடும்பயணமும் நாட்டுக்குத் தெரியவந்தன. துணை விமானி சியாட்டிலில் இருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து நூவர்க் வந்து பணியில் சேர்ந்திருந்தார்.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதன் பலனாக 2010-ல் சட்டம் வந்தது. 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமரவும் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும். முன்பு 250 மணி நேரம் போதுமாக இருந்தது. 20,000 டாலர் சம்பளத்துக்கு 1,500 மணி நேர அனுபவம் உள்ளவர் கிடைப்பாரா? கிடைக்கவில்லை. 2016-ல் ரிபப்ளிக் திவால் மனு கொடுத்தபோது விமானிகள் பற்றாக்குறையையே முதன்மைக் காரணமாகச் சொன்னது.

பிறகு 2020 வந்தது. பெருந்தொற்றின் முதல் அலையிலேயே டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கம்பாஸ் ஆகிய இரண்டு வட்டார நிறுவனங்கள் ஏப்ரல் மாதத்தில் மூடப்பட்டன. யுனைடெட் தன் பெயரில் பறந்த 50 இருக்கை எம்ப்ரேயர் ஜெட்களை ஒரே நிறுவனத்திடம் கொடுக்க முடிவுசெய்து கம்யூட்ஏரைத் தேர்ந்தது. எக்ஸ்பிரஸ்ஜெட் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு யுனைடெட் சேவையை முடித்துக்கொண்டது. பெரிய நிறுவனங்கள் பழைய விமானங்களை நூற்றுக்கணக்கில் ஓய்வுக்கு அனுப்பி, மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வு தந்தன. பயணிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பியபோது, காலியான அந்த இருக்கைகளை நிரப்ப வட்டார நிறுவனங்களின் கேப்டன்களையே அழைத்துக்கொண்டன.

அதற்குப் பின் நடந்ததைச் சிறு நகரங்கள் மறக்காது. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், அரசு மானியத்தில் இயங்கிய 29 ஊர்களின் சேவையிலிருந்து விலக நோட்டீஸ் கொடுத்தது. அந்த வசந்தத்தில் விமானிகள் இல்லாமல் சுமார் 150 வட்டார விமானங்கள் தரையில் நிற்பதாக யுனைடெட் கூறியது. அமெரிக்கன் அந்த ஆண்டு செப்டம்பரில் டொலீடோ, இத்தாக்கா, ஐஸ்லிப், டுபியூக் ஆகிய ஊர்களை விட்டு வெளியேறியது.

நெருக்கடியின் மறுபக்கத்தில் வட்டார விமானிகள் இதுவரை கண்டிராத உயர்வு வந்தது. 2022 ஜூனில் அமெரிக்கனின் துணை நிறுவனங்கள் தற்காலிக ஊக்கத்தையும் சேர்த்துத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர், கேப்டனுக்கு 146 டாலர் தொடக்கச் சம்பளம் அறிவித்தன. இந்த உயர்வை ஸ்கோப் விதி கொண்டுவரவில்லை. ஆள் தட்டுப்பாடு கொண்டுவந்தது. சந்தை கொடுத்ததைச் சந்தை திரும்ப எடுக்கவும் கூடும்.

மனிதரை எழுதும் ஒப்பந்தம்

தீர்வுக்கான முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1997 தகராறின் முடிவில் அமெரிக்கனும் ஈகிளும் அவற்றின் சங்கங்களும் சேர்ந்து ‘ஃப்ளோ-த்ரூ’ என்ற ஏற்பாட்டைச் செய்தன. ஈகிள் விமானிகள் வரிசைப்படி அமெரிக்கனுக்கு உயரலாம். அமெரிக்கனில் பணிநீக்கம் வந்தால் அங்குள்ளவர்கள் ஈகிளுக்கு இறங்கலாம். 2001-க்குப் பின் மேலே போகும் வழி ஏறத்தாழ அடைபட்டது, கீழே வரும் வழி திறந்தது. அமெரிக்கனில் வேலை இழந்தவர்கள் ஈகிளின் ஜெட்களில் கேப்டன் இருக்கைக்கு வந்தார்கள். அங்கே கேப்டனாக இருந்தவர்கள் சிலர் துணை விமானி இருக்கைக்குப் பெயர்ந்தார்கள். கசப்பு நீண்ட நாள் நீடித்தது. ஆனால் அந்த ஏற்பாடு சாகவில்லை. பின்னாளில் மேம்படுத்தப்பட்டு, இன்று என்வாய், பிஎஸ்ஏ, பீட்மான்ட் விமானிகள் மறு நேர்காணல் இல்லாமல் அமெரிக்கனுக்குப் போகும் வழியாக இருக்கிறது. கனடாவில் ஏர் கனடா தான் எடுக்கும் புதிய விமானிகளில் கணிசமான பங்கை ஜாஸ் என்ற வட்டார நிறுவனத்திலிருந்தே எடுப்பதாக 2015-ல் ஒப்புக்கொண்டது. அதற்கு ஈடாக ஜாஸில் புதிதாகச் சேருபவர்களுக்குக் குறைந்த சம்பள அளவை ஏற்கவேண்டியிருந்தது. குறைகள் இருந்தும் இவை இரண்டும் சரியான திசையில் வைத்த அடிகள். விமானம் போனாலும் விமானிக்குப் போகும் இடம் ஒன்று உண்டு என்பதை இவை எழுத்தில் வைத்தன.

76 இருக்கை வரம்பைத் தளர்த்தவேண்டும் என்று நிர்வாகங்கள் கேட்பதை விமானிகள் ஏற்கக்கூடாது. அது தளர்ந்தால் 20,000 டாலர் காலத்தை நோக்கிய பாதை மறுபடியும் திறக்கும். மாற வேண்டியது வரம்பைச் சுற்றியுள்ள ஏற்பாடு. 50 இருக்கை விமானங்களைக் குறைக்கும் எந்த உடன்பாட்டிலும், குறையும் விமானங்களை ஓட்டியவர்களைப் பெரிய நிறுவனம் எத்தனை மாதத்தில், எந்த வரிசையில் எடுக்கும் என்ற அட்டவணை அதே பக்கத்தில் இருக்கவேண்டும். ஒரே சங்கம் இரு தரப்பிடமும் சந்தா வாங்கும் இடங்களில், ஸ்கோப் பேச்சுவார்த்தையில் வட்டார விமானிகளின் பிரதிநிதியும் உட்காரவேண்டும். இருக்கை வரம்பு 76-லேயே நிற்க, எடை வரம்பை மட்டும் புதிய இன்ஜின்களுக்காக உயர்த்தலாம். அந்த உயர்வுக்கு விலையாக அந்த விமானங்களின் விமானிகளைப் பொதுப் பணிமூப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். நிர்வாகங்களுக்கு இ175-இ2 மீது இருக்கும் ஆர்வமே சங்கத்தின் கையில் இருக்கும் பலம்.

டெல்டா விமானிகளின் 2023 ஒப்பந்தம் 2026 இறுதியில் திருத்தத்துக்கு உரியதாகிறது. மற்ற பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களும் அதன் பின் வரிசையாக வரும். 2012-ல் விமானங்களின் எண்ணிக்கையை ஒன்றுவிடாமல் எழுதி வென்ற சங்கத்துக்கு, இந்த முறை டெல்டாவின் பெயரில் பறக்கும் என்டெவர், ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் விமானிகளைப் பற்றியும் நான்கு விதிகள் எழுதும் திறமையும் பேரம் பேசும் பலமும் இருக்கின்றன. அந்த விதிகளைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வாக்களிக்கவேண்டியவர்கள் டெல்டா விமானிகள். அவர்களில் பலர் வட்டார விமானத்தில் தொடங்கியவர்கள்.